பார்வையற்ற ஞானியா வெய்செல்?

துருக்கியின் நாட்டுப்புறப் பாணர் ஆஷிக் வெய்செலைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் அவருடைய கண்தான் வரும். ஏழு வயதில் அம்மை வந்து ஒரு கண் போனது, பிறகு ஒரு விபத்தில் இன்னொரு கண்ணும் போனது, ஆனாலும் அவர் யாரையும் வெறுக்கவில்லை, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார், அன்பை மட்டுமே பாடினார் என்று கதை போகும். கடைசியில் 'அகக்கண் திறந்த ஞானி' என்று ஒரு பட்டம் கட்டி முடித்துவிடுவார்கள்.

தோழர்களே, இந்தச் சித்திரத்தைச் சந்தேகியுங்கள். ஓர் ஏழை விவசாயி நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது அந்தப் பாடல்களிலேயே இருக்கிறது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்களோ பாடல்களை ஒதுக்கிவிட்டு மருத்துவச் சீட்டைப் படிக்கிறார்கள். வசதியான வீட்டில் பிறந்த கவிஞரிடம் நாம் யாப்பைத் தேடுகிறோம், உவமையைத் தேடுகிறோம், சிந்தனையைத் தேடுகிறோம். ஏழைக் கவிஞரிடம் வந்ததும் அவர் பட்ட துன்பத்தை மட்டும் தேடுகிறோம். அவர் யோசித்துச் சொன்னதைக்கூட வலியில் முனகியதாக எடுத்துக்கொள்கிறோம். வெய்செலுக்கு நடந்தது இதுதான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1894இல் சிவாஸ் மாகாணத்தின் ஷார்க்கிஷ்லா வட்டாரத்தில் உள்ள சிவ்ரியாலான் கிராமத்தில் பிறந்தார். ஆடு கறக்கப் போன இடத்தில், வழியிலேயே அம்மா அவரைப் பெற்றெடுத்தார். தொப்புள்கொடியைத் தானே அறுத்துக்கொண்டு குழந்தையோடு வீட்டுக்கு நடந்து வந்தார். அப்பா விவசாயி. கண் போன மகனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அப்பா ஒரு சாஸ் கொடுத்தார். சாஸ் என்பது நீண்ட கழுத்துள்ள நரம்புக் கருவி. அதை மீட்டிக்கொண்டு பாடும் பாணர்களை அங்கே 'ஆஷிக்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் காதலன் என்று பொருள்.

ஏறத்தாழ நாற்பது வயதுவரை வெய்செல் பழைய பாணர்களின் பாடல்களைத்தான் பாடிக்கொண்டிருந்தார். 1931இல் சிவாஸ் நகரில் நாட்டுப்புறப் பாணர்களுக்கு ஒரு விழா நடந்தது. அதை நடத்திய கவிஞர் அஹ்மத் குத்சி தெஜெர் கொடுத்த ஊக்கத்தில்தான் அவர் வெளியே தெரிய ஆரம்பித்தார். 1933இல் துருக்கிக் குடியரசுக்குப் பத்தாம் ஆண்டு. அதையொட்டி அத்தாதுர்க்கைப் பற்றி ஒரு நெடும்பாடல் கட்டினார். அதை அவர் முன்னாலேயே பாட வேண்டும் என்று நண்பர் இப்ராஹிமோடு அங்காராவுக்குக் கிளம்பினார். கால்நடையாக. போய்ச் சேர ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று.

அங்காராவில் நடந்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாஸுக்கு நரம்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். போலீஸ்காரர் நிறுத்தினார். காலில் நாட்டுத் தோல் செருப்பு, கம்பளியில் தொளதொள கால்சட்டை, இடுப்பில் அகலக் கச்சை. இந்தக் கோலத்தில் உள்ளே விட முடியாது என்றார். குடியானவரைத் தேசத்தின் எஜமானர் என்று மேடையில் முழங்கிய குடியரசின் தலைநகரில், குடியானவரின் உடுப்புக்குக் கடைத்தெருவில் அனுமதி இல்லை. பிறகு 'ஹாகிமியெத்-இ மில்லியே' நாளிதழில் அவருடைய பாடல் அச்சாகி வந்தது. அதே போலீஸ்காரர்கள், நீங்கள்தானா அது, காப்பிக்கடையில் உட்காருங்கள் என்று உபசரிக்க ஆரம்பித்தார்கள். மக்கள் இல்லம் என்று பெயர் வைத்த அரசு மன்றத்திலும் முதலில் உடுப்பைக் காரணம் காட்டி உள்ளே விடவில்லை. கடைசியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தலையிட்டு ஆளுக்கு ஒரு ஜோடி உடுப்பு தைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தபிறகுதான் அங்கே கச்சேரி நடந்தது. அத்தாதுர்க்கை அவர் பார்க்கவே இல்லை.

இது சாதி அல்ல. சாதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் உடுப்பைப் பார்த்து ஆளை அளக்கும் வாசல் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்தச் சம்பவத்தை வெய்செல் புலம்பலாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் என்ன சொன்னார், எந்த வாசலில் நின்றோம், எப்போது பேச்சு மாறியது என்று வரிசையாகச் சொல்கிறார். நடந்ததை மறக்காமல் கணக்கு வைத்திருக்கிற மனிதரின் பேச்சு அது. இனி பாடல்களுக்கு வருவோம்.

முதலில் பெயர். துருக்கிப் பாணர் மரபில் பாடலின் கடைசிக் கட்டில் பாணர் தன் பெயரை வைத்துப் பாட வேண்டும். வெய்செலும் அப்படித்தான் பாடினார். வெய்செலே என்று தன்னையே கூப்பிடுவார், வெய்செல் இப்படிச் செய்கிறான் என்று தன்னையே தள்ளி நின்று பார்ப்பார், சில இடங்களில் தன்னையே கேலி செய்வார். சடங்காகச் செய்கிறாரென்று இதைக் கடந்துபோகிறோம். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் பாடுவதை வேறு யாரோ எழுதினார்கள், வேறு யாரோ அச்சிட்டார்கள், வேறு யாரோ விற்றார்கள். காகிதம் முழுக்க அடுத்தவர் கையில். ஆனால் எட்டு அசை, பதினோரு அசை என்று எண்ணிக் கட்டிய அடியில் 'வெய்செல்' உட்கார்ந்திருக்கிறது. அதை உருவினால் அடியே உடைந்துபோகும். ஏழைப் பாணர்களின் பாட்டு 'அறியப்படாதவர் பாடியது' என்று போய்விடாமல் காத்தது இந்த ஏற்பாடு. இதில் அடக்கம் எங்கே இருக்கிறது? இது என்னுடையது என்று சொல்லும் நிமிர்வுதான் இருக்கிறது.

அழகைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாடலிலும் அதே நிமிர்வைப் பார்க்கலாம். காதல் பாட்டு என்றால் பாடுகிறவர் கெஞ்ச வேண்டும், எதிரில் இருப்பவர் மிஞ்ச வேண்டும் என்பது பழக்கம். வெய்செல் அதைத் திருப்பிப் போடுகிறார். என் உள்ளத்தில் காதல் இல்லாவிட்டால் உன் அழகுக்குச் சல்லிக்காசு மதிப்பில்லை என்பதுதான் பாட்டின் வாதம். யார் சொல்வது? அந்த முகத்தைப் பார்க்கவே முடியாத ஆள். பார்க்கிற கண்ணுக்குத்தான் அழகு தெரியும் என்று நம்பும் உலகத்தை நோக்கி, அழகுக்கு விலை போடுவது நான் என்கிறார். இதைப் பரிதாபத்துக்குரிய மனிதரின் குரல் என்று எவராவது சொன்னால் அவர் பாட்டைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து உழைப்பு. அவர் பாடல்களில் அதிகம் பரவியது கரிய மண்ணைப் பற்றியது. மனிதர்களிடம் தேடிக் கிடைக்காத விசுவாசம் மண்ணிடம்தான் கிடைத்தது என்பது அதன் சாரம். இதைச் சாவின் தத்துவமாக, எல்லோரும் ஒருநாள் மண்ணுக்குள் போவோம் என்ற வேதாந்தமாக விளக்குகிறார்கள். அதுவும் பாட்டில் இருக்கிறது. ஆனால் பாட்டின் நடுப்பகுதி முழுக்க வேலை. மண்வெட்டி வருகிறது, நகத்தால் கீறுவது வருகிறது, விதை போட்டதும் திரும்பக் கிடைத்ததும் கணக்காக வருகிறது. ஆடு, பால், ரொட்டி, காய்கறி எல்லாம் வருகின்றன. ஞானி ஒருவர் வானத்தைப் பார்த்துப் பாடியது போல இல்லை. கைக்காய்ப்போடு ஒருவர் வரவு செலவு பார்ப்பது போல இருக்கிறது. அவர் தன் ஊரில் பழத்தோட்டம் போட்டவர் என்பதைச் சேர்த்து யோசியுங்கள். கன்றைத் தொட்டுப் பார்த்து நட்டு வளர்த்தவர் அவர். மண் கொடுக்கும் என்று அவர் சொல்வது தொட்டுப் பார்த்த அனுபவம்.

அந்த மண்ணையே அதிகாரத்துக்குப் பார்க்கப் பிடிக்காமல் போனது. 1952இல் மெத்தின் எர்க்சான் என்ற இளம் இயக்குநர் வெய்செலின் வாழ்க்கையை 'இருண்ட உலகம்' என்று பொருள்படும் தலைப்பில் படமாக்கினார். திரைக்கதை கவிஞரும் ஓவியருமான பெத்ரி ரஹ்மி எயூபோலு. தணிக்கைக் குழு படத்தை நிறுத்தியது. சொன்ன காரணங்களில் ஒன்று, படத்தில் தெரியும் பயிர் குட்டையாக இருக்கிறதாம். துருக்கியின் மண் வளமற்றது என்று காட்டுகிறதாம். பின்னர் வெட்டி, நவீன விவசாய இயந்திரங்கள் ஓடும் காட்சிகளை ஒட்டித்தான் படம் வெளியே வந்தது. வெய்செலின் பாட்டில் உள்ள மண் வெட்டினால்தான் கொடுக்கும். அரசு காட்ட விரும்பிய மண் உழைப்பில்லாமலே செழித்திருந்தது. அவருடைய குரல் வேண்டும், அவருடைய வயல் வேண்டாம். ஒடுக்கப்பட்டவர்களின் கலையைக் கொண்டாடுகிறவர்களிடம் நீங்கள் அடிக்கடி காணப்போகும் பழக்கம் இது. அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விஷயம் ஒற்றுமை. வெய்செல் என்றாலே சகோதரத்துவம் என்பார்கள். உண்மைதான், அவர் அதைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார். ஆனால் எந்த இடத்தில் நின்று பாடினார்? வெய்செல் அலெவி பிரிவில் பிறந்தவர். சுன்னிப் பெரும்பான்மை நாட்டில் பல நூற்றாண்டாகச் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட மக்கள் அவர்கள். 'கிசில்பாஷ்', அதாவது செந்தலையர் என்று அவர்களை ஏசுவார்கள். 16ஆம் நூற்றாண்டில் சிவப்புத் தலைப்பாகை அணிந்த அவர்களின் முன்னோரைக் குறித்த பெயர் வசைச்சொல்லாக மாறிவிட்டது. பதிலுக்கு அலெவிகள் பக்கத்திலும் ஒரு வசை உண்டு: 'யெசித்'. கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்த கலீஃபாவின் பெயர் அது. ஒற்றுமையைப் பற்றிய நெடும்பாடலில் வெய்செல் இந்த இரண்டு வசைகளையும் அப்படியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். துருக்கியர், குர்து, செர்க்கேசியர் என்று இனப் பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறார். எல்லோரும் ஒன்று என்று பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டு நழுவவில்லை. யார் யாரை என்ன சொல்லி ஏசுகிறார்கள் என்று பெயரோடு சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிறார். தன் பக்கத்து வசையையும் விட்டுவைக்கவில்லை.

தனக்கு விழுந்த வசையைச் சபையில் தன் வாயாலேயே சொல்வதற்குத் தைரியம் வேண்டும். தன் ஆட்கள் வீசும் வசையையும் கூடவே சொல்வதற்கு இன்னும் தைரியம் வேண்டும். அதற்குச் சாந்தம் என்று பெயர் வைத்துவிட்டோம். அவர் எதைக் கண்டு அப்படிப் பாடினார் என்பது அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து எல்லோருக்கும் தெரிந்தது. 1993 ஜூலை 2ஆம் தேதி அதே சிவாஸ் நகரில், பழம்பெரும் அலெவிப் பாணர் பீர் சுல்தான் அப்தால் பெயரில் நடந்த விழாவுக்கு வந்தவர்கள் தங்கியிருந்த மாதிமாக் விடுதியை ஒரு கும்பல் கொளுத்தியது. விழாவுக்கு வந்த 33 பேரும் விடுதி ஊழியர் இருவரும் மாண்டார்கள். முஹ்லிஸ் அகர்சு, நெசிமி சிமென், ஹஸ்ரெத் குல்தெகின் என்று சாஸ் மீட்டிப் பாடியவர்களும் அதில் இருந்தார்கள். இந்த மண்ணில் இருந்துகொண்டு ஒற்றுமை பேசியவரை இனிப்பான மனிதர் என்று சொல்வது அவரை அவமதிப்பது. எரியக்கூடியது எது என்று தெரிந்தே அவர் பாடினார்.

நான்காவது விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன் சாஸைப் பார்த்துப் பாடும் ஒரு பாட்டு இருக்கிறது. நான் போனபிறகும் நீ உலகத்தில் இரு என்று கருவியிடம் சொல்கிறார். கூடவே ஒரு வேண்டுகோளும் வைக்கிறார்: என் இரகசியங்களை வெளியே சொல்லிவிடாதே என்று. யோசித்துப் பாருங்கள். பாடல்களில் அவருடைய உள்ளம் அப்படியே கொட்டிக்கிடக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அவரோ, சொல்லாமல் வைத்தது நிறைய இருக்கிறது என்று பாட்டிலேயே அறிவித்துவிட்டுப் போகிறார்.

என்ன சொல்லாமல் வைத்தார்? அவருடைய முதல் மனைவி ஒரு பண்ணையாளோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். கைக்குழந்தை இவர் மடியில் தங்கியது, பிறகு அந்தக் குழந்தையும் இறந்தது. இதைச் சுற்றி ஒரு கதை பரவியிருக்கிறது. மனைவி போகப்போவது வெய்செலுக்கு முன்பே தெரியுமாம். வழியில் கஷ்டப்படக்கூடாது என்று அவருடைய காலுறைக்குள் பணத்தை ஒளித்து வைத்தாராம். கேட்டதும் கண் கலங்கும் கதை. பாடல்களைத் திறந்தால் அப்படி ஒரு தியாகி வரவில்லை. வஞ்சிக்கப்பட்ட வருத்தம் வருகிறது, யாரை நம்புவது என்ற கசப்பு வருகிறது, விசுவாசத்தை மனிதரிடம் தேடி அலுத்துப்போனது வருகிறது. கதை அவரிடமிருந்து கோபத்தைப் பறித்துக்கொண்டு பெருந்தன்மையை மட்டும் கொடுக்கிறது. பாடல் கசப்பை ஒத்துக்கொள்கிறது, விவரத்தை மட்டும் மறைக்கிறது. எதைச் சபையில் வைப்பது, எதை வீட்டுக்குள் வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. ஏழைகள் தங்கள் காயத்தைத் திறந்து காட்டினால்தான் கலை, மூடி வைத்தால் கலை இல்லை என்று யார் சட்டம் போட்டது?

இங்கே உங்களில் சிலர் ஒரு கேள்வி கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வெய்செல் அரசைப் புகழ்ந்தவர் ஆயிற்றே? தூக்கிலிடப்பட்ட பீர் சுல்தான் அப்தாலைப் போல அவர் அதிகாரத்தை எதிர்த்து நின்றாரா? 1965இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அவருக்கு மாதம் 500 லிரா கொடுத்தது. தாய்மொழிக்கும் தேசிய ஒற்றுமைக்கும் ஆற்றிய தொண்டுக்காக என்று காரணமும் சொன்னது. இதையெல்லாம் வாங்கிக்கொண்டவர் எப்படி நம்மவர்?

நான் அவரைக் கலகக்காரராக மாற்றி எழுதப்போவதில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. அத்தாதுர்க்கைப் பற்றிப் பாடியபோது மனதார நம்பித்தான் பாடினார். நம்பாத ஒன்றுக்காக யாரும் மூன்று மாதம் நடக்கமாட்டார்கள். குடியரசு அவருக்கு வெறும் கொடி மட்டும் அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். 1940இல் கிராமக் கல்வி நிலையங்களுக்கான சட்டம் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் படிக்கவைத்து, பாடத்தோடு விவசாயமும் கொத்துவேலையும் இசையும் கற்றுக்கொடுத்து, மறுபடியும் கிராமத்துக்கே ஆசிரியர்களாக அனுப்பும் திட்டம் அது. அரிஃபியே, ஹசனோலான், சிஃப்தெலெர் போன்ற நிலையங்களில் வெய்செல் சாஸ் ஆசிரியராக இருந்தார். கடைத்தெருவுக்குள் விடப்படாத அதே உடுப்புக்காரர், அரசின் வகுப்பறையில் ஆசிரியராக நின்றார். அந்தக் கதவைத் திறந்தவர்களைப் புகழ்ந்ததில் என்ன தவறு? அந்த நிலையங்களை 1954இல் மூடிவிட்டார்கள். படித்த கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குத் தொந்தரவாக இருந்தார்கள்.

பீர் சுல்தான் ஒரு வகை, வெய்செல் இன்னொரு வகை. தூக்குமேடை ஏறியவர்கள்தான் நம்மவர்கள் என்றால், உயிரோடு இருந்து தோட்டம் போட்டு, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, தன் பெயரைத் தன் அடிக்குள் பூட்டி வைத்துவிட்டுப் போனவர்களை எங்கே வைப்பது? அவர்களில் பலர் நம் தாத்தா பாட்டிகளின் வயதுக்காரர்கள். 'புரட்சி இல்லை' என்று நாம் அவர்களைத் தள்ளிவிட்டால், 'பொறுமையின் சிகரம்' என்று ஆதிக்கம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வெய்செலை அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவர் யாரிடம் தன்னை ஒப்படைத்தார் என்பதற்கும் பாடலிலேயே பதில் இருக்கிறது. கடைசிக் காலத்தில் மிகவும் பாடப்பட்ட ஒரு பாடலில், நான் போய்விடுவேன், பெயர் மட்டும் நிற்கும் என்கிறார். கல்யாணம் நடக்கும், பண்டிகை வரும், அப்போது நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார். கேட்பது நண்பர்களிடம். சம்பளம் கொடுத்த நாடாளுமன்றத்திடம் கேட்கவில்லை, கட்டுரை எழுதிய அறிஞர்களிடமும் கேட்கவில்லை. சிலை வேண்டும் என்றும் கேட்கவில்லை. 1973 மார்ச் 21ஆம் தேதி சிவ்ரியாலானில், தான் பிறந்த ஊரிலேயே இறந்தார்.

இளைய தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்களில் பலர் பெரியவர்களின் பாட்டைப் பதிவு செய்கிறீர்கள், ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கிறீர்கள். எடுத்த எடுப்பில் 'உங்கள் துன்பத்தைச் சொல்லுங்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். பாட்டை முழுசாகக் கேளுங்கள். அதைக் கட்டியவர் யார் என்று கேட்டுப் பெயரை எழுதுங்கள். இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல்லைப் போட்டீர்கள் என்று கேளுங்கள். ஒரு கவிஞரிடம் கேட்கவேண்டிய கேள்வி அது. சொல்ல விரும்பாததை நோண்டாதீர்கள். அவர்கள் யாரையாவது புகழ்ந்து பாடியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், ஏன் புகழ்ந்தார்கள் என்று விசாரியுங்கள். இப்படி நூறு பேரைப் பதிவு செய்தால் அதில் ஒருவர்கூட 'பாவம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கமாட்டார்.